ஓட்டிப் பார்க்காமல் கொடுத்த மூட்டை

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் என்னைப் பார்க்கும்போதெல்லாம் ஒரே மாதிரிக் கேள்விகளைத்தான் கேட்கிறீர்கள். தேய்மானத்தை எப்படிப் போடுவது, பழைய இயந்திரத்துக்குச் சந்தை விலையை எங்கே விசாரிப்பது, அறிக்கையில் எதை முதலில் எழுதுவது என்று. அதெல்லாம் கொஞ்ச நாளில் கைக்கு வந்துவிடும். வராவிட்டால் உங்கள் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கும். நீங்கள் யாரும் கேட்காத ஒன்றை நான் சொல்கிறேன்.

நம்மை யாரும் ஆசையாக எதிர்பார்ப்பதில்லை. ஒரு முதலாளி இறந்துபோனால் நம்மைக் கூப்பிடுவார்கள். கூட்டாளிகள் பிரிந்தால், தொழிற்சாலையை மூடினால் கூப்பிடுவார்கள். புது மெஷினுக்குப் பூஜை போட்டுச் சர்க்கரைப் பொங்கல் கொடுக்கும் நாளில் எவனும் மதிப்பீட்டாளரைக் கூப்பிட்டதில்லை. நாம் உள்ளே போய் மெஷினைத் தொட்டுப் பார்க்கும்போது அங்கே இருப்பவர்கள் கொஞ்சம் தள்ளி நின்று நம் முகத்தைப் பார்ப்பார்கள். வேலை முடிந்ததும் கேட் வரைக்கும் வருவார்கள். அதோடு சரி. சம்பந்தப்பட்டவர்களோடு நமக்குப் பழக்கம் இருக்கக் கூடாது, அது தொழில் தர்மம். வாணியம்பாடித் தோல் தொழிற்சாலைகளில் இருந்து போளூர் அரிசி மில்கள் வரைக்கும் நான் போகாத இடம் இல்லை. என் வீட்டை விட்டால், அத்தனை ஊரிலும் இன்றைக்குப் போய்க் கதவைத் தட்டித் தண்ணீர் கேட்க எனக்கு ஒரு வீடு கிடையாது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. சரி, கொஞ்சம் குறையாகத்தான் சொல்கிறேன்.

எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர் சிடுமூஞ்சி மனுஷர். பெயரைப் போட்டால் அவருக்குப் பிடிக்காது. அவர் என்னிடம் அலுக்காமல் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான். “சும்மா ஓடுற மெஷின் பொண்ணு பாக்க வந்த மாப்பிள்ளை மாதிரிடா. எல்லாம் நல்லாத்தான் இருக்கும். லோடு குடுத்து ஓட்டிப் பாரு. பாக்காம கையெழுத்துப் போடாத.” நான் அப்படியே செய்தேன். இதனாலேயே எனக்குப் பிடிவாதக்காரன் என்று ஒரு பெயரும் வந்தது. அந்தப் பெயரைப் பற்றி எனக்கு வருத்தமில்லை. ஆனால் அந்தப் பிடிவாதம் என்னை ஜவ்வாது மலையில் கொண்டுபோய் நிறுத்திய கதையை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

புதூர்நாட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன ஊர். ஒரு தொண்டு நிறுவனம் பல வருடங்களுக்கு முன்னால் அங்கே சாமைக்கு உமி நீக்கும் மெஷின் ஒன்றை வைத்துக் கொடுத்திருந்தது. ஊரின் மகளிர் குழுதான் அதை ஓட்டியது. இப்போது அந்த நிறுவனம் மலைவேலையை முடித்துக்கொண்டு போகிறது. அவர்களுக்கு ஒரு விதி உண்டு. ஓடும் நிலையில் இருக்கும் மெஷினை இருக்கும் இடத்திலேயே குழுவுக்கு எழுதிக் கொடுத்துவிடுவார்கள். ஓடாததைக் கழற்றி லாரியில் ஏற்றிக் கீழே கொண்டுபோய் ஏலம் விட்டுவிடுவார்கள். ஓடுகிறதா, என்ன மதிப்பு என்று எழுதிக் கொடுக்க என்னை அனுப்பினார்கள்.

நான் போனது ஆடி மாதம். ஜீப்பில் ஆட்களுக்கும் உர மூட்டைகளுக்கும் நடுவில் உட்கார்ந்து போனேன். மழை பெய்து நின்றிருந்தது, வழியெல்லாம் உழுது போட்ட நிலம். மெஷின் இருந்த கொட்டகை பூட்டிக் கிடந்தது. குழுவின் தலைவி பொன்னியம்மா, முழங்கால் வரை சேற்றோடு நிலத்திலிருந்து நேராக வந்து முந்தானையில் முடிந்திருந்த சாவியை எடுத்துத் திறந்தார். நாற்பது வயது இருக்கலாம். கூட அவருடைய ஓரகத்தியும் இன்னும் சில பெண்களும் வந்து வாசலில் நின்றார்கள்.

மெஷின் பார்க்க நன்றாகவே இருந்தது. துடைத்து வைத்திருந்தார்கள். பொட்டுகூட வைத்திருந்தார்கள். ஸ்விட்சைப் போட்டதும் மோட்டார் எடுத்தது, சத்தம் சீராக இருந்தது. அதாவது மாப்பிள்ளை நன்றாகத்தான் இருந்தார்.

“கொஞ்சம் சாமை கொண்டாங்கம்மா. போட்டுப் பாத்துடலாம்,” என்றேன்.

பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“சாமை இல்லீங்க சார்,” என்றார் பொன்னியம்மா. “இருந்ததெல்லாம் பங்குனியிலயே ஓட்டி முடிச்சிட்டோம். வெளைஞ்சி வர்றதுக்கு கார்த்திகை ஆயிடும்.”

“யார் வீட்லயாவது ஒரு சின்ன மூட்டை இருக்காதா?”

அவர் வீட்டுப் பக்கம் போனார். திரும்பி வரும்போது இடுப்பில் ஒரு சின்ன மூட்டை. அதைப் பார்த்ததுமே ஓரகத்தி கத்த ஆரம்பித்துவிட்டார்.

“இன்னாடி பண்ற நீ? வெதைய கொண்டாந்து மெஷின்ல போடுவியா? உனுக்கு இன்னா பைத்தியமா?”

எனக்கு அப்போதுதான் விளங்கியது. அது அடுத்த சில நாளில் விதைக்க வேண்டிய சாமை. அந்த ஊரில் அறுவடையின்போது விதைக்கு என்று பிரித்து வைத்துவிட்டால் அதை எந்தக் கஷ்டத்திலும் உலையில் போட மாட்டார்கள். உமி போய்விட்டால் அது முளைக்காது, வெறும் அரிசிதான். ஒரு கைப்பிடி போட்டுப் பார்த்தால் போதாதா என்று நீங்கள் கேட்கலாம். போதாது. கைப்பிடி தானியம் மெஷினுக்குத் தெரியவே தெரியாது. தொடர்ந்து விழுந்து, மோட்டார் இழுத்து, பேரிங் சூடேறினால்தான் அதன் குணம் தெரியும். கேழ்வரகு அதற்கு ஆகாது, கொள்ளு உடைந்துவிடும். இதையெல்லாம் நான் அவர்களுக்கு நிதானமாக விளக்கினேன். பாதியில் நிறுத்தினால் அது லோடே இல்லை என்றும் சொன்னேன். பொன்னியம்மா ஒவ்வொரு வார்த்தையையும் கவனமாகக் கேட்டுக்கொண்டார்.

சிக்னல் கிடைப்பதற்கென்று அந்த ஊரில் ஒரு பாறை இருக்கிறது. அதன்மேல் ஏறி நின்று நிறுவனத்து அதிகாரியைக் கூப்பிட்டு, இன்னும் ஒரு வாரம் கேட்டேன்.

“நாளைக்கு சாயங்காலம் எங்க ஆபீசையே காலி பண்றோம் சார்,” என்றார். அவர் குரலில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, களைப்புதான் இருந்தது. “உங்க ரிப்போர்ட் வரலன்னா அத ஓடாத கணக்குல சேக்குறத தவிர எனக்கு வேற வழியில்ல. நீங்க பாத்தீங்களே, ஓடுதுன்னு ஒரு வரி எழுதுங்களேன்.”

இறங்கி வந்து விஷயத்தைச் சொன்னேன். பொன்னியம்மா மூட்டையை அவிழ்க்க ஆரம்பித்தார்.

“போடுங்க சார். மெஷினு கீழ போய்ட்டா, நாங்க வெதச்சு மட்டும் இன்னா பண்றது? உமியோட கீழ எறக்கி, யாவாரிங்க சொன்ன வெலைக்கு தள்ளிட்டு வர்றதுதான். அந்தப் பொழப்பு எங்களுக்கு போதும் சார்.”

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். உங்களுக்கும் இப்படி ஒரு நேரம் வரும். ஒரு பக்கம் ஒரு வரி எழுதிவிட்டுப் போகச் சொல்கிறார்கள். இன்னொரு பக்கம் ஒருத்தி தன் விதையை அவிழ்த்து உங்கள் முன்னால் வைக்கிறாள். இரண்டுமே உங்களுக்குச் சுலபம். கேட்டுப் பார்க்கப் பக்கத்தில் ஒரு ஆள் இருக்க மாட்டார். எனக்குக் கற்றுக்கொடுத்தவர் போய்ச் சேர்ந்துவிட்டார். என் மனைவியும் போய்விட்டாள். அவள் இருந்தவரைக்கும் இந்த மாதிரி நேரத்தில் போன் போடுவேன். மெஷினைப் பற்றி ஒன்றும் தெரியாமலே சரியாக ஒரு பதில் சொல்வாள். அன்றைக்குப் பாறைமேல் நின்றபோது கை தானாகப் போனில் அவள் பெயரைத் தேடியது. அந்த எண்ணை நான் இன்னும் அழிக்கவில்லை.

“கட்டி உள்ளே வைங்கம்மா,” என்றேன். “இப்ப கீழ போறேன். நாளைக் காலையில வர்றேன். உமியோட சாமை நான் வாங்கிட்டு வர்றேன். அதுவரைக்கும் விதையைத் தொடாதீங்க.”

அவர் தலையை ஆட்டினார். அதைச் சம்மதம் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

ஆலங்காயம் வந்து இறங்கியபோது கடைகளை அடைத்துக்கொண்டிருந்தார்கள். தானிய வியாபாரம் செய்யும் ஒரு பாயின் கடை மட்டும் திறந்திருந்தது. விஷயத்தைச் சொன்னதும் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“எல்லாரும் சாமை அரிசி கேக்குறாங்க. சுகருக்கு நல்லதுன்னு வந்து அள்ளிட்டு போறாங்க. நீங்க இன்னா சார் உமியோட கேக்குறீங்க? மெஷின் கிஷின் போட்டு நம்ம தொழிலுக்கு வர்றீங்களா?”

“இல்ல பாய், ஒரு மெஷின சோதிச்சு பாக்கணும்.”

“மெஷினுக்கு சாப்பாடு வாங்கிட்டு போற மொத ஆளு நீங்கதான்,” என்று சிரித்துக்கொண்டே குடோனிலிருந்து ஒரு மூட்டையை இழுத்துப் போட்டார். “மலைச் சரக்குதான். நாலு ஊருது கலந்திருக்கும். போன வருசத்துதும் கொஞ்சம் இருக்கும். உங்க மெஷினு கேக்கவா போவுது?”

கேட்காதுதான். நானும் கேட்கவில்லை. மூட்டையை லாட்ஜ் அறைக்குத் தூக்கி வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தேன். வெளியூரில் ராத்திரி தங்கும்போது அறையில் என்னைத் தவிர எதுவும் இருந்ததில்லை. அன்றைக்கு அந்த மூட்டை இருந்தது கொஞ்சம் ஆறுதலாகவே இருந்தது. சிரிக்காதீர்கள், உங்களுக்கும் வயதாகும்.

மறுநாள் காலையில் முதல் ஜீப்பைப் பிடித்துப் போனேன். கொட்டகை திறந்திருந்தது. வாசற்படியில் பொன்னியம்மா மட்டும் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்தும் எழுந்திருக்கவில்லை. உள்ளே போய்ப் பழக்கத்தில் பேரிங்மேல் கையை வைத்தேன். வெதுவெதுப்பாக இருந்தது. மெஷினுக்குக் கீழே ஒரு முறத்தில் அரிசி குவிந்திருந்தது.

“இன்னாம்மா இது?”

“தூக்கம் வரல சார்,” என்றார். என்னைப் பார்க்காமல் எதிரே இருந்த நிலத்தைப் பார்த்துத்தான் பேசினார். “பங்குனியில நிறுத்துன மெஷினு. நீங்க காசு போட்டு மூட்ட வாங்கியாந்து, இத்தினி பேரு முன்னால அது ஓடலன்னா? நான்தான் நல்லா ஓடும் நல்லா ஓடும்னு எல்லாருக்கும் சொல்லி வெச்சிருக்கேன். அதான் மொதல்ல நாமளே பாத்துடலாம்னு, விடியிறப்ப கரண்ட்டு வந்ததும் போட்டுட்டேன்.”

“எல்லாத்தையுமா?”

“பாதியில நிறுத்துனா லோடு இல்லன்னு நீங்கதானே சார் சொன்னீங்க.”

எனக்குக் கோபம் வந்தது. அவர்மேல் வந்ததா, என்மேல் வந்ததா, அந்த அதிகாரி சொன்ன கெடுவின்மேல் வந்ததா என்று தெரியவில்லை. பொன்னியம்மா அழவில்லை. அழுதிருந்தால் ஏதாவது ஆறுதல் சொல்லியிருக்கலாம். முறத்திலிருந்து அரிசியை அள்ளிப் பார்த்தேன். முழுசு முழுசாக இருந்தது, நொய் கொஞ்சம்தான். மெஷின் பிரமாதமாக ஓடியிருக்கிறது. அதைச் சொன்னேன். அவர் ‘ம்’ என்றார், அவ்வளவுதான்.

இப்போது என் முன்னால் இன்னொரு கேள்வி. பேரிங் சூடு இருக்கிறது, அரிசி இருக்கிறது, உமி இருக்கிறது. இதை வைத்தே கையெழுத்துப் போட்டால், நான் கொண்டுவந்த மூட்டை முழுவதையும் அவர் விதைக்கலாம். ஆனால் நான் ஓட்டிப் பார்க்கவில்லை. நாளைக்கு யாராவது நீ பார்த்தாயா என்று கேட்டால், சூடு பார்த்தேன் என்று சொல்ல முடியாது. அந்தச் சான்றிதழ் செல்லாது என்று ஒருவர் சொல்லிவிட்டால் மெஷின் லாரியில்தான் போகும். அதனால் மற்ற பெண்களைக் கூப்பிட்டு, மூட்டையில் பாதியைப் போட்டு, எல்லோர் கண் முன்னாலும் ஓட்டினேன். நன்றாக ஓடியது. கொட்டகையிலேயே உட்கார்ந்து அறிக்கையை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பாறைமேல் ஏறிப் படம் பிடித்து அனுப்பினேன். வந்து சேர்ந்தது என்று அதிகாரி பதில் போட்டார்.

அதற்குப் பிறகுதான் மிச்சமிருந்த பாதி மூட்டையைப் பொன்னியம்மாவிடம் கொண்டுபோய் வைத்தேன். இந்த வரிசையைக் கவனித்துக்கொள்ளுங்கள். கையெழுத்துக்கு முன்னால் நாம் அவர்களிடம் வாங்கவும் கூடாது, அவர்களுக்குக் கொடுக்கவும் கூடாது. கையெழுத்துப் போட்டு அனுப்பியான பிறகு நான் யாரோ ஒரு ஆள், அவர் யாரோ ஒரு அம்மா.

அவர் ஒரு பிடி அள்ளித் தேய்த்துப் பார்த்தார். ஒரு மணியைப் பல்லில் வைத்துக் கடித்தார்.

“மொளைக்குமா சார்?”

இத்தனை வருடத்தில் எத்தனையோ பேர் என்னிடம் எத்தனையோ கேட்டிருக்கிறார்கள். இன்னும் எத்தனை வருடம் ஓடும், என்ன விலைக்குப் போகும் என்று. எல்லாவற்றுக்கும் என்னிடம் ஒரு பதில் இருந்திருக்கிறது. இதற்கு இல்லை. ஈரத்துணியில் கட்டி வைத்துப் பார்க்க நாள் இல்லை. மழை விட்டிருந்தது, ஊரே ஏர் பூட்டிக்கொண்டிருந்தது.

“தெரியலம்மா. நாலு ஊர் சரக்கு. பழசும் கலந்திருக்குன்னு கடைக்காரர் சொன்னார்,” என்றேன். ஓட்டிப் பார்க்காமல் நான் ஒருவர் கையில் கொடுத்த ஒரே பொருள் அந்த அரை மூட்டைதான்.

“சரி, வெச்சிட்டு போங்க,” என்றவர், முறத்திலிருந்த அரிசியை ஒரு பையில் கொட்டி என் பக்கம் தள்ளினார். நான் வேண்டாம் என்றேன். எப்போதும் சொல்வதுபோல், வேலை பார்த்த இடத்தில் எதுவும் வாங்குவதில்லை என்றேன்.

“அதுக்கு சொல்லல சார். வெதைக்கு வெச்சத நாங்க ஆக்க மாட்டோம். எங்க வூட்ல எவனும் துன்ன மாட்டான். கோழிக்கு போடவும் மனசு வராது. நீங்க எடுத்துனு போய் வூட்ல ஆக்கச் சொல்லுங்க. யாராவது துன்னா போதும்.”

சோதனைக்கு ஓட்டியதில் வந்த அரிசியைக் குழுவினருக்கே விட்டுவிட்டு, அந்தப் பையோடு ஜீப்பில் ஏறினேன். இந்த முறையும் யாரும் கை காட்டவில்லை. எல்லோருக்கும் நிலத்தில் வேலை இருந்தது.

போளூரில் என் வீட்டில் சமையல் நான்தான். சாமைக்கு எவ்வளவு தண்ணீர் என்றுகூட எனக்குத் தெரியாது. முதல் நாள் குழைந்துவிட்டது. அடுத்த நாள் அடிப்பிடித்தது. பிறகு சரியாக வந்தது. ருசியான அரிசி, மண்வாசனை இருந்தது. ஆனால் ஒவ்வொரு வாய்க்கும் யாருடைய நிலத்தையோ உட்கார்ந்து தின்றுகொண்டிருக்கிறேன் என்று தோன்றியது. மெஷினைக் குழுவின் பெயருக்கு எழுதிவிட்டார்கள் என்று அதிகாரி செய்தி அனுப்பினார். விதை என்ன ஆயிற்று என்று எனக்கு யார் சொல்வார்கள்? நம் தொழிலில் அறிக்கை போனதும் நமக்கும் அந்த ஊருக்கும் பேச்சு முடிந்துவிடுகிறது. மலைப்பக்கம் மழை கட்டும்போதெல்லாம் மொட்டை மாடிக்குப் போய்ப் பார்ப்பேன். அங்கிருந்து என்ன தெரியும், மேகம்தான் தெரியும்.

உங்களுக்குச் சொல்ல எனக்கு ஒன்றுதான் இருக்கிறது. லோடு கொடுத்து ஓட்டிப் பாருங்கள், அதை விடாதீர்கள். ஆனால் ஒரு சோதனையைக் கேட்பதற்கு முன்னால், அது யார் வீட்டிலிருந்து எதை எடுத்துக்கொண்டு போகும் என்று ஒரு நிமிடம் யோசியுங்கள். நாம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்த பிறகும் அங்கே ஒருவர் தூங்காமல் உட்கார்ந்திருக்கலாம்.

ஆவணி கடைசியில் ஒரு நாள் மத்தியானம் போன் வந்தது. காற்றுச் சத்தம் பலமாகக் கேட்டது. பாறைமேல் நின்று பேசுகிறார் என்று உடனே தெரிந்துவிட்டது.

“சார், நான் பொன்னியம்மா பேசறேன். மெஷினு சீட்டுல உங்க நம்பரு இருந்திச்சி. அந்த வெத பாதிதான் சார் மொளச்சது.”

“மன்னிச்சிடுங்கம்மா,” என்றேன்.

“நீங்க இன்னா சார் பண்ணுவீங்க. எங்க ஓரகத்தி அவ வெதையில மீந்தத குடுத்தா. சந்து வுழுந்த எடத்துல எல்லாம் தூவிட்டோம். கொஞ்சம் முன்ன பின்ன வரும், பரவால்ல. நீங்க நெனச்சினு இருப்பீங்களேன்னுதான் போன் பண்ணேன். அந்த அரிசிய ஆக்குனீங்களா சார்?”

“ஆக்கினோம்மா.”

“வூட்ல எல்லாரும் துன்னாங்களா?”

நான் சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். கழுவிக் கவிழ்த்த தட்டு ஒன்று இருந்தது.

“எல்லாரும் சாப்பிட்டோம்மா,” என்றேன். “எல்லாருக்கும் ரொம்பப் பிடிச்சிருந்தது.”

“அப்ப சரி சார்,” என்றார் பொன்னியம்மா. அந்தக் குரலில் அவர் சிரிப்பதை முதல் முறையாகக் கேட்டேன். “வெத வீணா போவல.”

போனை வைத்துவிட்டு, டப்பாவில் மீதியிருந்த சாமையில் ஒரு ஆளுக்கு அளந்து உலையில் போட்டேன்.